பக்கத்தில் இன்னொரு சுரம்

பாலக்காட்டை அடுத்த எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழி பிறந்ததும் கிழக்கேயிருந்து ஒரு காற்று கிளம்பும். இரண்டு பக்க மலைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழைந்து வருகிற வேகத்தில் தென்னை மட்டைகளைப் பிய்த்து வாசலில் போட்டுவிட்டுப் போகும். அது அடிக்கிற நாட்களில் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் பழி அதன் தலையில்தான். தலைவலியா, காற்று. முழங்கால் குடைகிறதா, காற்று. மாடு கறக்கவில்லையா, அதற்கும் காற்று. எல்லோரும் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு நடமாடுவோம். காது வழியாகத்தான் அது உள்ளே புகும் என்று எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்படி ஒரு காலையில் என் கணவர் எழுந்து இடது காதை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நின்றார்.

"காதுக்குள்ள தண்ணி போனாப்டி இருக்குது," என்றார்.

"காத்துப் பூந்திருச்சு சாமி," என்றார் என் மாமியார். "நேத்து வெறுங்காதோட வண்டியில வந்தீல்ல, அதுதான். ரெண்டு நாள்ல செரியாப் போயிரும்."

பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை மாமியார் ஊற்றினார். துண்டை இறுக்கிக் கட்டியது நான். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஆஸ்பத்திரி என்ற சொல் வாயில் வரவில்லை. சளிக்கும் காற்றடைப்புக்கும் யார் டாக்டரிடம் போவார்கள்?

என் கணவருக்குப் பகலில் தென்னந்தோப்பு, முகூர்த்த நாட்களில் கீபோர்டு. பொள்ளாச்சி, சித்தூர், பாலக்காடு என்று கல்யாண ரிசப்ஷன்களுக்குப் போகிற ஒரு இசைக்குழுவில் பத்துப் பன்னிரண்டு வருடமாக வாசித்து வந்தார். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வாசித்துவிடுவார். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. எனக்கும் உண்டு. கல்யாணமான புதிதில் என் தோழிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் கழன்று ஓடியிருக்கிறார்கள். நான் கொச்சியில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் வேலை செய்கிறேன். அவர் வாசிக்கும் அறையும் நான் வேலை செய்யும் அறையும் ஒன்றுதான்.

காது அடைப்பு ஒரு வாரத்தில் குறைந்தது போலத்தான் இருந்தது. அதன் பிறகுதான் கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்று ஆரம்பித்தார்.

"ஒரு கீயை அமுத்துனா ரெண்டு சத்தம் வருது," என்றார். "ஒண்ணு நான் அமுத்துனது. இன்னொண்ணு அதுக்குப் பக்கத்துல."

எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு என்ன தெரியும்? அவர் காது எங்கே, என் காது எங்கே. பொள்ளாச்சியில் ரிப்பேர் பார்க்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் திறந்து தூசி தட்டி மூடிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயும் அதே பேச்சு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், உட்காராமலே கத்தினார்.

"ஒருத்தனுக்கும் காது கேக்கறதில்ல! எல்லாம் செவிட்டுப் பசங்க!"

அப்புறம் என்னிடம் திரும்பினார். "உன்ற கம்ப்யூட்டர்ல பாக்க முடியாதா அம்மிணி? ஒரு கீக்கு ரெண்டு சத்தம் வருதான்னு படம் போட்டுக் காட்டுனா, அவனுக மூஞ்சியில வீசிட்டு வந்துருவேன்."

அவர் என்னிடம் வேலை சம்பந்தமாக எதையும் கேட்டதில்லை. சந்தோஷமாக உட்கார்ந்தேன்.

தேடியபோது இலவசமாக ஒரு லைப்ரரி கிடைத்தது. யாரோ எழுதி வைத்த நிரல் அது, அப்படியே எடுத்து நம் வெப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பிரவுசருக்குள்ளேயே ஓடும். மைக்கில் வருகிற சத்தத்தைக் கொடுத்தால், அதில் எந்தெந்தச் சுரம், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று சொல்லும். இதுமாதிரி மற்றவை ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பிடிக்கும். இது ஒரே நேரத்தில் நாலைந்து ஒலித்தாலும் தனித்தனியாகப் பிரித்துவிடும். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? இடது ஓரத்தில் கீபோர்டை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு படம், சுரம் ஒலித்தால் அதற்கு நேராக வலப்புறம் ஓடும் ஒரு பச்சைக் கோடு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் செய்தேன். சோறு மாமியார் வடித்தார், கூடவே முணுமுணுப்பும் கொஞ்சம்.

முதலில் கோடே வரவில்லை. அவர் ஒரு கீயை அமுக்கிப் பிடிப்பார், கோடு ஓர் அங்குலம் ஓடிச் செத்துப்போகும். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. பிரவுசருக்கு மைக் என்றால் பேச்சு மட்டும்தான். நீளமாக ஒரே மாதிரி ஒலிப்பதை ஃபேன் சத்தம் என்று நினைத்துத் தானாகவே துடைத்துவிடுகிறது. அந்த வசதிகளை எல்லாம் அணைத்தேன்.

அடுத்த தடவை அமுக்கியபோது இரண்டு கோடுகள் வந்தன.

"பாத்தியா! பாத்தியா!" நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். அடுப்படியிலிருந்து மாமியாரையே கூப்பிட்டுவிட்டார்.

எனக்கும் ஒரு நொடி சந்தோஷம்தான். ஆனால் இரண்டாவது கோடு மங்கலாக இருந்தது, அதுவும் ஒரு ஸ்தாயி மேலே. எந்த ஒலிக்கும் மேலே அதன் நிழல் ஒன்று சன்னமாகக் கூட வரும். நிரல் அதையும் ஒரு சுரம் என்று எண்ணிவிட்டது. பலவீனமானதைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏற்றினேன். மேல்கோடு மறைந்தது.

"இது மேல வந்ததுங்க மாமா. நீங்க பக்கத்துல கேக்குதுன்னுதானே சொன்னீங்க?"

"பக்கத்துலதான். ஒட்டி."

"இப்ப அமுத்துங்க."

ஒரு கோடு. வேறொரு கீ. ஒரு கோடு. நான் கையை நீட்டி, அவர் அமுக்கியதற்கு அடுத்த கீயையும் சேர்த்து அமுக்கினேன். இரண்டு கோடுகள், ஒட்டினாற்போல, தெளிவாக. என் விரலை எடுத்தேன். ஒரு கோடு. பக்கத்துச் சுரம் நிஜமாகவே ஒலித்தால் அது பிடித்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு காதைப் பொத்திக்குங்க," என்றேன்.

"எதுக்கு?"

"பொத்துங்களேன்."

இடது காதைப் பொத்திக்கொண்டு அமுக்கினார். முகம் மலர்ந்தது. "இப்ப ஒண்ணுதான் கேக்குது."

"இப்ப வலது காதை."

வலது காதைப் பொத்திக்கொண்டு அதே கீயை அமுக்கினார். கையை மாற்றினார். திரும்பவும் மாற்றினார்.

"இப்பவும் ஒண்ணுதான்," என்றார் கடைசியில். "ஆனா வேற."

ஒரே கீயை வலது காது ஒரு சுரமாகவும் இடது காது அதற்குப் பக்கத்துச் சுரமாகவும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அதை வாய்விட்டுச் சொன்னேன். இன்னும் பதமாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு அப்படிச் சொல்ல வராது. கெட்டது கீபோர்டு இல்லை, காதுதான், நாளைக்கே பாலக்காட்டில் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன்.

"அப்ப உன்ற பேஜ் தப்பு," என்றார். "சித்த முன்னால மேல ஒண்ணு காட்டுச்சு. நீ என்னமோ அமுத்துன, போயிருச்சு. இதும் அதே மாதிரிதான். நீதான அழிச்சுட்ட?"

"நான் எதுக்குங்க அழிக்கறேன்?"

"எனக்கென்ன தெரியும்? தை பொறந்து முகூர்த்தம் வரிசையா நிக்குது. இப்பப் போயி காது போச்சுன்னு சொல்ற."

அன்று நன்றாகச் சண்டை போட்டோம். நான் கத்தினேன், அவரும் கத்தினார். மாமியார் குறுக்கே வந்து, காற்று ஓய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். சீசன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த வெப் பக்கத்தைத் தன் போனில் போட்டுத் தரச் சொன்னார். தப்பு என்று சொன்ன மனிதர்தான். மேடையில் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் கீபோர்டின் கோளாறு கட்டாயம் மாட்டும் என்றார். கோபத்தோடுதான் போட்டுக் கொடுத்தேன். ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும், எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மாதிரி போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

தையில் என் சொந்தத்திலேயே ஒரு கல்யாணம் வந்தது. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் மண்டபம். கச்சேரி இவர்கள் குழுதான். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கீபோர்டு ஸ்டாண்டில் என் பச்சைக் கோடுகளோடு போன் நின்றுகொண்டிருந்தது.

இந்த மேடைக் கீபோர்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லாப் பாட்டையும் ஒரே விரல் கணக்கில்தான் பழகி வைத்திருப்பார்கள். பாடுகிறவருக்கு வேறு சுருதி வேண்டுமானால் விரலை மாற்றுவதில்லை, ஒரு பட்டனைத் தட்டிக் கீபோர்டு முழுவதையும் அரைச் சுரம் ஏற்றியோ இறக்கியோ விடுவார்கள். பாட்டு முடிந்ததும் பட்டனைப் பழையபடி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த பாட்டின் முதல் சுரத்திலேயே காது கூசும், உடனே கை தானாகப் பட்டனுக்குப் போய்விடும். மறக்காத ஆளே கிடையாது. காது காப்பாற்றிவிடும், அவ்வளவுதான்.

அன்று முதலில் பாடிய பையனுக்கு அரைச் சுரம் ஏற்றி வைத்தார். அடுத்து ஒரு பெண் பாட வந்தாள். பட்டன் அப்படியே இருந்தது.

அவள் முதல் வரியைத் தொடங்கினாள், இவர் அவளோடு சேர்ந்து அதே மெட்டை வாசித்தார், அரைச் சுரம் தள்ளி. எனக்கே பல் கூசியது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துப் பாடினாள். பின்னால் ரிதம் பேடு வாசிக்கும் குழுத் தலைவர் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவருக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? ஒரு மாதமாக அவருக்கு எல்லாமே இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சரியும் தப்பும் அவர் காதில் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன.

போனைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வாசித்துக்கொண்டே இடது கையால் என்னைப் பார்த்து வா வா என்று கூப்பிட்டார். எழுந்து மேடையோரம் ஓடினேன்.

"பாரு அம்மிணி! ரெண்டு! பக்கத்துப் பக்கத்துல!"

இரண்டு கோடுகள் ஒட்டினாற்போல ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அவள் பாடியது, இன்னொன்று இவர் வாசித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த மாதம் முழுக்க நான் பார்க்கவில்லை. காது கெடவில்லை, கீபோர்டுதான் கெட்டது என்று கடைசியில் என் பேஜே ஒப்புக்கொண்டுவிட்டதாம்! தலைவருக்கும் காட்டுவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்தார்.

நான் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தேன். ஏற்றி வைத்த எண் அங்கேயே இருந்தது. அதைக் காட்ட விரலை நீட்டினேன். அதற்குள் தலைவர் எழுந்து வந்து, இவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பட்டனைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

என் நிரல் சத்தத்தைத் துண்டு துண்டாக்கிப் பார்த்துத்தான் கோடு வரையும். கொஞ்சம் தாமதமாகும். அந்தக் கொஞ்ச நேரம் போனில் இரண்டு கோடுகளே ஓடின, அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. பட்டனைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கீயை இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். திரையில் ஒன்று. அவருக்கு அப்போதும் இரண்டு கேட்டிருக்கும். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிச்சப் பாட்டைக் கிதார்க்காரர் சமாளித்தார். பந்தியில் இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் தலைவர் போன் செய்தார். நல்ல மனிதர், குரலே எழும்பவில்லை. "மாப்ள, மொதல்ல ஒடம்பப் பாரு. அடுத்த கல்யாணத்துக்கு நான் வேற ஆளச் சொல்லிப் போட்டேன்," என்றார். ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் இருவரும் கேட்டோம். "செரீங்க," என்று மட்டும் இவர் சொன்னார்.

பாலக்காட்டில் காது டாக்டர் ஒரு மலையாளிப் பெண். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து வெகுநேரம் சோதித்தார். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"செவியிலே நரம்புக்குத் திடீர்னு வர்ற கேடு இது. சிலருக்கு இப்படி ரெண்டு செவியும் ரெண்டு சுரமாக் கேக்கும். முதல் வாரத்திலேயே வந்திருந்தா மருந்து கொடுத்து நோக்கலாமாயிருந்தது. இப்போ ரொம்ப வைகிப்போயி, லேட்டாயிடுச்சு."

"காத்து அடச்சிருக்குதுன்னு நெனச்சுட்டமுங்க," என்றார் இவர்.

"அந்தப் பக்கத்திலேர்ந்து வர்ற எல்லாரும் அதுதான் சொல்றாங்க," என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

கோபம் வந்தது எனக்கு. யார் மீது என்று தெரியவில்லை. டாக்டர் மீது வந்தது, பூண்டெண்ணெய் மீது வந்தது, மரத்தைப் பிடித்து உலுக்கும் அந்தக் காற்றின் மீதே வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியைப் படாரென்று இழுத்து மூடினேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சித்தூர் தாண்டும் வரை விடவில்லை.

கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டார். தோப்புக்குப் போவார், வருவார். டிவி பார்ப்பதில்லை, பாட்டு வருகிற இடத்தில் நிற்பதில்லை. அதெல்லாம் எனக்குப் புரிந்தது. என்னோடு பேச்சைக் குறைத்ததுதான் புரியவில்லை. நான் ஒன்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். கச்சேரி போன துக்கத்தை என் மேல் காட்டுகிறார் என்று நினைத்தேன். பொறுத்துப் பார்த்தேன், அது எனக்கு வராத வேலை. பங்குனியில் ஒருநாள் பொழுதோடு, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, நேரே போய் அவர் முன்னால் நின்றுகொண்டு ஒரு பிடி பிடித்தேன். நானும் மனுஷிதானே, என் மேல் என்ன கோபம், நான் என்ன தப்புச் செய்தேன் என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சின்ன வயதில் இடிக்குப் பயந்தவர்கள் பொத்துவதுபோல.

"சித்த நிறுத்து அம்மிணி. உன்ற மேல எனக்கென்ன கோவம்?"

நிறுத்தினேன்.

"நீ பேசறப்ப ரெண்டு பொம்பளைங்க பேசறாங்க," என்றார். "ஒருத்திக்குப் பக்கத்துல ஒருத்தி. ஒரே சொல்ல, ஒரே நேரத்துல."

எனக்கு அந்தக் கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. பேச்சைப் பற்றி டாக்டரிடம் கேட்கவே தோன்றவில்லை எங்களுக்கு. பாட்டைப் பற்றியே கேட்டுவிட்டு வந்துவிட்டோம்.

"அதுல எது நானுங்க?" என்றேன், மெதுவாக.

"ரெண்டுலயும் நீ இல்ல," என்றார். "உன்ற கொரல் முன்னால எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாக்கறேன். கேட்ட பாட்டெல்லாம் ஞாபகம் வருது. அது மட்டும் வர மாட்டேங்குது."

அழுதார். நானும் அழுதேன், சத்தம் வராமல் அழுதேன்.

இப்போது அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் போனில் எழுதி அனுப்புகிறேன். சாப்பிட வாங்க, மோட்டாரை நிறுத்தியாச்சா, மாத்திரை போட்டீங்களா. அடுப்படியில் நின்று நான் அனுப்புவேன், திண்டில் சாய்ந்தபடி அவர் படிப்பார். படிக்கும்போது அவர் உதடு லேசாக அசையும். அந்த எழுத்து அவருக்குள் யார் குரலில் கேட்கிறது என்று ஒருநாள் எழுதிக் கேட்க நினைத்தேன். பாதி எழுதி அழித்துவிட்டேன். கேட்கப் பயமாக இருக்கிறது.